கொல்லைப்புறத்துக்கு வரும் விருந்தாளிகளும் வீட்டுச் செல்லப் பிராணிகளும்

ஞாயிற்றுக்கிழமை மாலை. சற்று முன்புதான் இடியோடு மழை கொட்டி ஓய்ந்திருக்கிறது. தாமானில் உள்ள ஓர் ஓரடுக்கு வீட்டின் பின்புறம், லோங்காங் ஓரத்தில் நின்றுகொண்டு வீட்டு நாய் விடாமல் குரைக்கிறது. அந்தக் குரைப்பில் வழக்கமான விளையாட்டுத்தனம் இல்லை. கழுத்து மயிர் சிலிர்த்திருக்கிறது. பார்வை ஒரே இடத்தில் நிலைகுத்தி நிற்கிறது.

பத்து வயது மகன் பின்கதவை நோக்கி ஓடுகிறான். "தம்பி, போகாதே! என்னன்னு தெரியாம கிட்டப் போகாதே!" என்று சமையலறையிலிருந்து தாய் சத்தம் போடுகிறார். தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தாவோ, "பாம்பாத்தான் இருக்கும். நான் பாக்குறேன், நீ உள்ள இரு" என்று சொல்லி, மூலையில் இருந்த துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு, செருப்புக்கூட அணியாமல் வெளியே இறங்குகிறார்.

நம் நாட்டில் பல குடும்பங்கள் கண்ட காட்சிதான் இது. அடுத்த இரண்டு நிமிடங்களில் இந்த மூவரும் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நாயின் உயிரும், தாத்தாவின் கண்பார்வையும், கால்வாய் ஓரத்தில் இருக்கும் அந்த உயிரினத்தின் உயிரும் அமைகின்றன. அந்த இரண்டு நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது செல்லப் பிராணி வளர்க்கும் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.

வசந்தம் இல்லாத நாட்டில் ஒரு வசந்தம்

குளிர்நாடுகளில் பனி உருகி வசந்த காலம் தொடங்கும்போது, முயலும் அணிலும் பறவைகளும் குட்டி போட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அந்தப் பருவத்தில் நாய் பூனைகளைத் தோட்டத்தில் அவிழ்த்து விடாதீர்கள் என்று அங்குள்ளவர்கள் ஆண்டுதோறும் நினைவூட்டப்படுகிறார்கள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நான்கு பருவங்கள் இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். ஆயினும் இயற்கைக்கு இங்கும் ஒரு கணக்கு உண்டு. ஆண்டின் முற்பாதியில் பல பறவைகள் அதிகமாகக் கூடு கட்டுகின்றன. சித்திரை பிறக்கும் சமயத்தில் விடியற்காலையில் குயில் கூவுவதும், முன்வாசலில் தொங்கும் பூந்தொட்டியில் தேன்சிட்டு பஞ்சும் நாரும் கொண்டு கூடு பின்னுவதும் நாம் அறிந்த காட்சிகள். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தில், மேற்குக் கரை மாநிலங்களில் மாலை வேளைகளில் இடியுடன் கனமழை பெய்கிறது. கால்வாய்கள் நிரம்பும்போது அவற்றில் பதுங்கியிருந்த பாம்புகளும் எலிகளும் மேட்டை நாடி வருகின்றன. அதற்குப் பிறகு ஆண்டின் நடுவில் ரம்புத்தான், டுரியான் எனப் பழக்காலம் தொடங்குகிறது. பழம் இருக்கும் இடத்துக்கு மூசாங்கும் குரங்கும் வௌவாலும் வருவதில் வியப்பில்லை. எனவே வசந்தம் என்ற பெயர் இல்லாவிட்டாலும், கொல்லைப்புறம் சுறுசுறுப்பாகும் காலம் நமக்கும் இருக்கவே செய்கிறது.

அவை ஏன் வீட்டுக்கு வருகின்றன?

"காட்டில் இருக்க வேண்டியவை வீட்டுக்கு ஏன் வருகின்றன?" என்று பலர் கேட்கின்றனர். உண்மையில் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இன்றைய தாமான்களில் பல, நேற்று ரப்பர் தோட்டமாகவோ செம்பனைத் தோட்டமாகவோ இருந்தவை. லயத்து வீடுகளில் வாழ்ந்த நம் பெற்றோரும் பாட்டன்மாரும் பாம்பையும் உடும்பையும் தினமும் பார்த்தவர்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது மனிதர்கள் இடம் பெயர்ந்தனர். ஆனால் அங்கிருந்த விலங்குகள் எல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடவில்லை. கால்வாய், புதர், காலி மனை ஆகியவற்றில் அவை தங்கிக்கொண்டன.

அவற்றை வீடுவரை இழுத்து வருவது பெரும்பாலும் எலிதான். மூடப்படாத குப்பைத் தொட்டி, இரவெல்லாம் வெளியே கிடக்கும் நாய்ச் சோறு, பூனைக்கு வைத்த மீன் மிச்சம் ஆகியவை எலிகளை அழைக்கின்றன. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. செம்பனைத் தோட்டங்களில் நாகமும் மலைப்பாம்பும் அடிக்கடி தென்படுவதற்கும் எலிகளே காரணம். எலிகளைக் குறைக்க நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கூண்டு வைத்து வளர்ப்பது பலரும் அறிந்ததே. ஆக, கொல்லையில் பாம்பைப் பார்த்தால் அதற்கு முன்பே அங்கு எலி வந்துவிட்டது என்று பொருள்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு

அச்சம் தராத விருந்தாளியிலிருந்தே தொடங்கலாம். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கொண்டைக்குருவிக் குஞ்சு தத்தித் தத்திப் போகிறது. பூனை பதுங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் ஓடி வந்து குஞ்சை எடுத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, சோறும் பாலும் ஊட்டத் தொடங்குகிறார்கள். இரண்டொரு நாளில் அது இறந்துவிடுகிறது. பிள்ளைகள் அழுகிறார்கள்.

நல்ல மனத்தோடு செய்த தவறு இது. உடல் முழுவதும் இறகு முளைத்து, தத்தித் தாவும் குஞ்சு கூட்டிலிருந்து தவறி விழுந்தது அன்று. அது பறக்கப் பழகும் பருவம். தாயும் தந்தையும் அருகில் உள்ள மரத்திலோ மின்கம்பியிலோ இருந்து பார்த்துக்கொண்டு, கீழே இறங்கி வந்து இரை ஊட்டும். அதை எடுத்துச் செல்வது பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதற்குச் சமம். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பூனையையும் நாயையும் சில நாட்களுக்கு உள்ளே வைத்திருக்க வேண்டும். குஞ்சு நடைபாதையில் இருந்தால், அருகில் உள்ள செடியின் கிளையில் எடுத்து வைத்துவிட்டு விலகி நின்றால் போதும்.

இறகு முளைக்காத, கண் திறக்காத குஞ்சாக இருந்தால் அது உண்மையாகவே விழுந்த குஞ்சுதான். கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் மெதுவாகத் திரும்ப வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை சேர்த்துக்கொள்ளாது என்று பாட்டி சொல்லியிருக்கலாம். அது உண்மை அன்று. கை பட்டதற்காகப் பறவைகள் குஞ்சைக் கைவிடுவதில்லை.

தேன்சிட்டோ கொண்டைக்குருவியோ வாசலில் கூடு கட்டினால், முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறந்து போகும்வரை ஏறக்குறைய ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதம் பூனைக்கு வீட்டுக்குள் இடம் கொடுத்தால், ஒரு குடும்பம் பிழைத்துப் போகும். பசி இல்லாவிட்டாலும் வேட்டையாடுவது பூனையின் பிறவிக் குணம். வயிறு நிறையச் சோறு போட்டுவிட்டால் குருவியைத் தொடாது என்று நம்பக் கூடாது. பூனை கவ்விய பறவை வெளியே காயம் தெரியாவிட்டாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பூனையின் பல்லிலும் நகத்திலும் உள்ள கிருமிகள் அதன் உடலில் பரவிவிடுகின்றன.

சிங்கப்பூரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி வழங்கப்பட்டுள்ளது. அங்கு சன்னல்களுக்கு வலை அடிக்கும்படி உரிமையாளர்கள் அறிவுறுத்தப்படுகின்றனர். பூனை மாடியிலிருந்து விழாமல் காக்க வந்த அந்த வலை, சன்னலோரம் வந்து உட்காரும் புறாவையும் மைனாவையும் காக்கிறது. நம் நாட்டு அடுக்குமாடி வீடுகளிலும் இதைப் பின்பற்றலாம்.

தேரையைக் கவ்விய நாய்

மழை பெய்த இரவுகளில் கொல்லையில் தேரைகள் வெளிவரும். மெதுவாக நகரும் தேரை, நாய்க்கு நல்ல விளையாட்டுப் பொருள். ஆனால் தேரையின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் சுரப்பிகளில் நஞ்சு இருக்கிறது. நாய் கவ்விய உடனே அந்தப் பால்போன்ற நஞ்சு வாய்க்குள் இறங்குகிறது.

அடுத்த சில நிமிடங்களில் நாயின் வாயிலிருந்து எச்சில் ஒழுகும். நுரை தள்ளும். தலையை உதறும். முன்னங்கால்களால் வாயைப் பிறாண்டும். ஈறு சிவந்துபோகும். நிலைமை கடுமையானால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு ஆகியவை ஏற்படலாம். குட்டிகளுக்கும் சிறிய வகை நாய்களுக்கும் ஆபத்து அதிகம். நுரை தள்ளுவதைப் பார்த்து நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்று பயந்து விலகி நிற்பவர்களும் உண்டு.

செய்ய வேண்டிய முதலுதவி எளிது. நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் பக்கவாட்டில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழிந்தோட வேண்டும். ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் பலமுறை துடைத்துத் துணியை அலச வேண்டும். பின்னர் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, பால் ஊற்றுவது போன்ற கைவைத்தியங்கள் வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீரே நாய்க்கு நஞ்சாகலாம். கழுவியவர் தம் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கண்ணைத் தொட வேண்டும்.

இன்னொரு சிறிய செய்தி. இரவில் வெளியே வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் தேரைகள் வந்து உட்காருவது வழக்கம். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவி, புதிய தண்ணீர் வைப்பது நல்லது.

சீறுவதும் துப்புவதும்

இனி எல்லோரும் அஞ்சும் பாம்புக்கு வருவோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீடுகளை அண்டி வரும் நாகங்களில் கறுப்பு நிறத்தில் காணப்படும் ஒருவகை, நஞ்சைத் துப்பக்கூடியது. தன்னை எதிர்த்து நிற்கும் விலங்கின் முகத்தைக் குறிபார்த்துத் துப்பும். கடிக்கவும் செய்யும். நாயோ பாம்பைப் பார்த்தால் ஓடுவதில்லை. முகத்துக்கு நேரே நின்று குரைக்கிறது. அதனால்தான் நாய்களுக்குக் கண்ணிலும் மூக்கிலும் முன்னங்காலிலும் பாதிப்பு ஏற்படுகிறது.

கண்ணில் நஞ்சு பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடங்கள் தொடர்ந்து கழுவ வேண்டும். மனிதருக்கும் இதுவே முதலுதவி. எண்ணெய், பால், மூலிகைச் சாறு எதையும் கண்ணில் விடக் கூடாது. கழுவிய பிறகு கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் கருவிழி புண்ணாகிப் பார்வை போகலாம்.

நாயைப் பாம்பு கடித்துவிட்டால், அதை நடக்கவோ ஓடவோ விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். அசைவு அதிகமானால் நஞ்சும் வேகமாகப் பரவும். கடித்த இடத்தைக் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பனிக்கட்டி வைப்பது ஆகிய எல்லாமே கேடு விளைவிப்பவை. புறப்படும் முன் கால்நடை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, என்ன நடந்தது என்று சொல்லி, நச்சுமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எல்லா மருத்துவமனைகளிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. பாதுகாப்பான தொலைவிலிருந்து கைத்தொலைபேசியில் பாம்பைப் படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம். அதற்காக அதன் அருகில் போகவோ, அடித்துக் கொன்று பையில் போட்டு எடுத்துச் செல்லவோ வேண்டியதில்லை. செத்த பாம்பின் தலையும் சற்று நேரத்துக்குக் கடிக்கக்கூடியது.

மலைப்பாம்பும் உடும்பும்

உலகிலேயே மிக நீளமான பாம்பு நம் நாட்டு மலைப்பாம்புதான். அதற்கு நஞ்சு இல்லை. இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்கிறது. பெரும்பாலும் இரவில் இரை தேடுகிறது. கால்வாய்களே அதன் நெடுஞ்சாலை. அதற்கு எலியும் ஒன்றுதான், பூனையும் ஒன்றுதான், கூண்டில் உள்ள முயலும் கோழியும் ஒன்றுதான். இரவில் பூனையை வெளியே விடாமல் இருப்பதும், முயல் கூண்டுக்கும் கோழிக் கூண்டுக்கும் துளை சிறியதான உறுதியான கம்பிவலை அடிப்பதும் தவிர வேறு வழி இல்லை. பெரிய துளை உள்ள வலையில் மெலிந்த பாம்பு உள்ளே நுழைந்துவிடும். கோழியை விழுங்கிய பிறகு வெளியேற முடியாமல் அதுவும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பியாவாக் என்று நாம் அழைக்கும் உடும்பைப் பார்த்து அஞ்சுபவர்கள் பலர். ஆனால் அது வாய்ப்பு கிடைத்தால் ஓடி ஒளியவே விரும்பும். செத்த மீனையும் எலியையும் அழுகிய பொருளையும் தின்று கால்வாயைத் துப்புரவு செய்வது அதுதான். சுவர் மூலையில் நாய் மடக்கினால்தான் வாலைச் சுழற்றி அடிக்கும், கடிக்கும். நாயைக் கட்டி உள்ளே கொண்டுவந்து, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டால் பத்து நிமிடத்தில் தானாகவே போய்விடும்.

கூரையில் மூசாங், வேலியில் குரங்கு

இரவில் கூரைக்கு மேல் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டால், திருடனோ பேயோ என்று கலங்க வேண்டியதில்லை. பல வீடுகளில் அது மூசாங் என்னும் மரநாய். அது அருகில் இருந்தால் பாண்டான் இலை வாசம் வீசுவதாகப் பலர் சொல்வதுண்டு. மாம்பழமும் பப்பாளியும் ரம்புத்தானும் தின்று, விதைகளை வேறிடங்களில் கழித்து மரம் முளைக்கச் செய்வது அதன் வேலை. எலியையும் பிடிக்கும். சில சமயம் கூரைக்கும் உள்கூரைக்கும் இடையே குட்டி போடும். குட்டிகளோடு இருக்கும்போது ஓட்டையை அடைத்துவிட்டால் தாய் வெளியே தவிக்கும், குட்டிகள் உள்ளே இறந்து நாறும். குட்டிகள் வளர்ந்து வெளியேறிய பிறகு ஓட்டையை அடைத்து, கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். பழுத்த பழங்களை உடனுக்குடன் பறித்துவிட்டால் வருகையும் குறையும்.

குரங்குக் கூட்டம் வேறு வகை. தனிக் குரங்கை விரட்டும் துணிச்சலில் நாய் கூட்டத்துக்குள் பாய்ந்தால், பெரிய ஆண் குரங்குகளின் கூரிய பற்களுக்கு அது தாங்காது. கூட்டம் வரும்போது நாயை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவதே சரி. கையில் பிளாஸ்டிக் பை வைத்திருக்கக் கூடாது. பைக்குள் உணவு இருக்கிறது என்று குரங்கு கற்றுக்கொண்டுவிட்டது. அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான்.

சிங்கப்பூரில் நீர்நாய்க் குடும்பங்கள் ஆறுகளுக்குத் திரும்பிய பிறகு, வீட்டுக் குளங்களில் உள்ள விலையுயர்ந்த கோய் மீன்களை அவை விருந்தாக்கிக்கொண்ட செய்திகள் பல வந்தன. 2021 நவம்பரில் அங்குள்ள தாவரவியல் பூங்காவில் காலை நடைக்குச் சென்ற ஒருவரை நீர்நாய்க் கூட்டம் கடித்துக் காயப்படுத்தியது. குட்டிகளுடன் இருக்கும் எந்த விலங்கும் தன்னைத் தற்காத்துக்கொள்வதில் தயங்காது. நீர்நாய் தென்படும் இடத்தில் நாயைக் குட்டை வாரில் பிடித்துக்கொண்டு விலகிச் செல்வதே அறிவுடைமை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பல்லும் நகமும் மட்டுமே ஆபத்து அன்று. எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய், தேங்கிய நீரைக் குடிக்கும் நாயைத் தாக்கி அதன் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கிறது. அந்த நாயிடமிருந்து வீட்டாருக்கும் பரவலாம். நாய்களுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆண்டுதோறும் போட வேண்டும்.

வெறிநாய்க்கடி நோயை நாம் மறந்திருந்த காலம் ஒன்று இருந்தது. 2015 இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைதூக்கியது. 2017 இல் சரவாக்கில் பரவத் தொடங்கி மனித உயிர்களைப் பலிகொண்டது. அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. எனவே நாயோ பூனையோ குரங்கோ வேறு எந்த விலங்கோ கடித்தாலும் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் காயத்தைக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

1998, 1999 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டை உலுக்கிய நிப்பா கிருமியையும் மறப்பதற்கில்லை. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும் பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கும் பரவிய அந்த நோயில் 105 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே கிருமிக்கு வைக்கப்பட்டது. பண்ணைகளில் இருந்த நாய்களுக்கும் அப்போது தொற்று ஏற்பட்டது. அதற்குப் பிறகு நம் நாட்டில் அந்த நோய் மனிதரிடையே பரவியதில்லை. பீதி கொள்ளத் தேவையில்லை. ஆனால் வாசல் கூரையில் தொங்கும் வௌவால் கடித்துப் போட்ட பழத்தை நாய் தின்னாமல் கூட்டிப் பெருக்குவதும், செத்த வௌவாலை வெறுங்கையால் தொடாமல் இருப்பதும் அந்தத் துயரம் கற்றுத் தந்த பாடங்கள்.

வருமுன் காக்க

கொல்லைப்புறத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கப் பெரும் செலவு தேவையில்லை. நாய், பூனையின் உணவுத் தட்டை அவை தின்று முடித்ததும் எடுத்துவிட வேண்டும். குப்பைத் தொட்டிக்கு இறுகிய மூடி வேண்டும். பழைய பலகை, உடைந்த தொட்டி, கூரைத் தகரம் ஆகியவற்றைக் குவித்து வைத்தால் பாம்புக்கு வீடு கட்டித் தந்ததாகும். புல்லைக் குட்டையாக வெட்டி, கால்வாய்த் திறப்புகளுக்குக் கம்பிவலை போடலாம். இரவில் நாயை வெளியே விடும் முன் விளக்கைப் போட்டு, கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட உடனே எதை விட்டுவிட்டும் ஓடி வரும்படி நாயைக் குட்டியிலிருந்தே பழக்க வேண்டும். வந்ததும் தட்டிக் கொடுத்துத் தின்பண்டம் தர வேண்டும். பாம்பின் முன் நிற்கும் நாயை ஒரே அழைப்பில் திரும்ப வைக்கும் அந்தப் பழக்கம், எந்த மருந்தைவிடவும் மேலானது.

சட்டமும் மனமும்

2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிமம் இன்றிப் பிடிப்பதும் வேட்டையாடுவதும் வளர்ப்பதும் குற்றமாகும். மூசாங் குட்டி அழகாக இருக்கிறது என்று கூண்டில் வைத்துப் படம் எடுத்துப் போடுபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் நாடு முழுவதும் வனவிலங்குகளுக்கு உணவளிப்பதே குற்றமாக்கப்பட்டுள்ளது. இன்று வாழைப்பழம் கொடுக்கும் கை, நாளை அந்தக் குரங்கைப் பொறிவைத்துப் பிடிக்கக் காரணமாகிறது என்பதே அதன் பின்னணி.

வீட்டுக்குள் அல்லது வாசலில் பாம்பு புகுந்தால், 999 எண்ணுக்கு அழைத்தால் பொம்பா எனப்படும் தீயணைப்பு மீட்புத் துறையினரோ பொதுத் தற்காப்புப் படையினரோ வந்து உதவுவர். மற்ற விலங்குகளுக்குப் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையை நாடலாம். அவர்கள் வரும்வரை பாம்பு எங்கே போகிறது என்பதைத் தொலைவிலிருந்து ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீண்டும் அந்த இரண்டு நிமிடங்கள்

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைக்குத் திரும்புவோம். நாய் குரைத்துக்கொண்டிருக்கிறது. மகன் கதவருகே நிற்கிறான். தாத்தா கட்டையோடு இறங்கிவிட்டார்.

முதலில் தாய் செய்ய வேண்டியது, மகனைக் கதவுக்கு உள்ளே நிறுத்துவது. அடுத்து, தாத்தாவைத் தடுப்பது. "அப்பா, கட்டையைக் கீழ வைங்க. நீங்க கூப்பிட்டா அது வரும், கூப்பிடுங்க" என்று சொன்னால் போதும். தாத்தா அங்கேயே நின்று நாயின் பெயரைச் சொல்லி உறுதியான குரலில் அழைக்க வேண்டும். நாய் திரும்பினால் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தலாம். திரும்பாவிட்டால் ஓடிப் போய்க் கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கூடாது. தின்பண்டப் பொட்டலத்தைக் குலுக்கலாம், வாசல் கேட்டைத் தட்டிச் சத்தம் எழுப்பலாம். நாயின் கவனம் ஒரு நொடி திரும்பினால் அந்த ஒரு நொடியில் பாம்பு கால்வாய்க்குள் இறங்கிவிடும். அதுவும் அதைத்தான் விரும்புகிறது.

பிறகு நாயை வெளிச்சத்தில் நிறுத்தி, கண், மூக்கு, வாய், கால்கள் என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தால் தண்ணீரால் கழுவத் தொடங்க வேண்டும். வீக்கமோ, பின்னங்கால் தளர்ச்சியோ, மூச்சுத் திணறலோ தெரிந்தால் காத்திராமல் மருத்துவரிடம் புறப்பட வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் அன்றிரவு முழுவதும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும் இருட்டில் பாம்பை அடித்துத்தான் உயிர் பிழைத்தோம் என்று தாத்தா சொல்லலாம். அந்தக் காலத்தில் மருத்துவமனை தொலைவு, கையில் விளக்கு மட்டுமே துணை. அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் இன்று அழைத்தால் வர ஆள் இருக்கிறது. பேரனுக்கு அவர் கற்றுத்தர வேண்டியது கட்டையைப் பிடிக்கும் விதத்தை அன்று. எங்கே கால் வைக்க வேண்டும், எப்போது விலகி நிற்க வேண்டும் என்று தோட்டத்தில் அவர் கற்ற அந்த எச்சரிக்கையைத்தான்.

கொல்லைப்புறம் நம் பெயரில் பதிவான நிலமாக இருக்கலாம். தேன்சிட்டுக்கும் மூசாங்குக்கும் உடும்புக்கும் அந்தப் பத்திரம் தெரியாது. நம்மை நம்பி வாழும் நாய்க்கும் பூனைக்கும் அவற்றால் வரும் ஆபத்து தெரியாது. இரண்டையும் அறிந்தவன் மனிதன் ஒருவனே. எனவே பொறுப்பும் அவனுடையதே. இன்று மாலையே கொல்லைப்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, வெளியே கிடக்கும் அந்தச் சோற்றுத் தட்டை எடுத்து உள்ளே வைப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.